அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்: கொடிவழியை நிரூபித்து, கிளையில் சேர்ந்து, ஊருக்கு உழைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த தமிழர்களில் பலர், அன்று தங்கள் கையில் ஒரு சின்னக் கொடியைக் கொடுத்து வாழ்த்துச் சொன்ன பெண்களைப் பார்த்திருப்பார்கள். மார்பில் நீலமும் வெள்ளையுமான ரிப்பன், அதில் வரிசையாகக் குத்திய சின்னங்கள். அவர்கள் நீதிமன்ற ஊழியர்களாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். பல ஊர்களில் அந்தக் கொடியைத் தருபவர்கள் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ என்ற சங்கத்தின் உள்ளூர்க் கிளைப் பெண்கள். சுருக்கமாக டி.ஏ.ஆர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அமெரிக்கா விடுதலை பெற்ற புரட்சிப் போருக்கு உதவியவர்களின் வழிவந்த பெண்களுக்கான சங்கம் இது.

அந்தச் சங்கம் நமக்குச் சம்பந்தமில்லாத ஒன்று என்ற நிலை மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் பெண்ணை மணந்த தமிழர்களும், அந்த வீடுகளில் பிறந்து பதினெட்டு வயதைத் தாண்டிய பெண்களும் இப்போது எத்தனையோ பேர். என் அண்ணன் மருமகளுக்குப் பென்சில்வேனியாவில் பரம்பரை. அவளுடைய விண்ணப்பத்துக்குக் காகிதம் தேடிய நாட்களில்தான் இதன் உள்கட்டமைப்பு எனக்குப் பிடிபட்டது. தமிழில் இதைப் படிப்படியாக எழுதி வைத்தால் இன்னொரு வீட்டுக்கு உதவும்.

சங்கம் பிறந்த கதை

1889-இல் புரட்சிப் போர் வீரர்களின் ஆண் வாரிசுகள் ‘அமெரிக்கப் புரட்சியின் மகன்கள்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே, பெண்களுக்கு அதில் இடமில்லை என்று முடிவு செய்தார்கள். மேரி லாக்வுட் என்பவர் சும்மா இருக்கவில்லை. 1890 ஜூலை 13 அன்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஹன்னா ஆர்னெட்டின் கதையை எழுதினார். நியூ ஜெர்சியில் ஆண்கள் கூடி, பிரிட்டிஷார் தருவதாகச் சொன்ன மன்னிப்பை வாங்கிக்கொண்டு போரிலிருந்து ஒதுங்கிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே நுழைந்து அவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர் ஹன்னா. இப்படிப்பட்ட பெண்களை விட்டுவிட்டு என்ன நாட்டுப்பற்றுச் சங்கம் என்பதுதான் லாக்வுட்டின் கேள்வி.

அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் டி.ஏ.ஆர். தொடங்கியது. லாக்வுட்டுடன் யூஜீனியா வாஷிங்டன், எலன் ஹார்டின் வால்வொர்த், மேரி டெஷா ஆகியோர் நிறுவனர்கள். அன்றைய குடியரசுத் தலைவரின் மனைவி கரோலின் ஹாரிசன் முதல் தலைவி. இன்று சுமார் 3,000 கிளைகள், ஏறத்தாழ 1,90,000 உறுப்பினர்கள்.

சங்கத்தின் சின்னம் ராட்டை. பதின்மூன்று ஆரக்கால்கள், விளிம்பில் பதின்மூன்று நட்சத்திரங்கள், அமெரிக்காவாக ஒன்றுசேர்ந்த பதின்மூன்று பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்கு ஒவ்வொன்று. பிரிட்டிஷ் துணியை ஒதுக்கிவிட்டு வீட்டிலேயே நூல் நூற்ற பெண்களின் நினைவு அதில் இருக்கிறது. கதரும் ராட்டையும் அறிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சேருமுன் தெரிந்திருக்க வேண்டிய ஒரு பழி

இதை மறைத்து எழுதும் வழிகாட்டி நேர்மையானது அல்ல. 1939-இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் தங்களுடைய கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பாட டி.ஏ.ஆர். இடம் தர மறுத்தது. அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டில் ஆண்டர்சன் பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர். கறுப்பினப் பெண் ஒருவர் டி.ஏ.ஆர். உறுப்பினரானதாகப் பரவலாக அறியப்படுவது 1977-இல்தான். லீனா சாண்டோஸ் ஃபெர்குசன் வாஷிங்டனில் ஒரு கிளையில் சேர நீண்ட போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

பிறகு சங்கம் மாறியது. இனம், மதம், பூர்வீகம் எதுவும் தடையில்லை என்பது இன்றைய விதி. புரட்சியில் பங்கெடுத்த கறுப்பினத்தவர், அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆகியோரின் பெயர்களைத் திரட்டி 2008-இல் ஒரு பெரிய தொகுப்பையே வெளியிட்டது. அதில் 6,600-க்கும் மேற்பட்ட பெயர்கள். என் கருத்து இது: பழைய தவறு தெரிந்த பெண்கள் உள்ளே போவதுதான் அந்தச் சங்கத்துக்கு நல்லது. ஆனாலும் கிளைக்குக் கிளை சுபாவம் மாறும். ஒரு கிளைக் கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உறுதிமொழியும் சிறு பிரார்த்தனையும் கூட்டத்தில் இருக்கும். கட்சி அரசியல் சங்கத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி.

படி 1: தகுதி யாருக்கு

பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணாக இருக்க வேண்டும். புரட்சிக்கு உதவிய ஒருவரிடமிருந்து ரத்த வழியில் நேராக இறங்கி வந்தவர் என்பதைக் காகிதத்தால் காட்ட வேண்டும். சித்தப்பா வழி, மாமா வழி செல்லாது. தாத்தா பாட்டி என்று ஏறிப்போகும் கோட்டில் அம்மா பக்கம், அப்பா பக்கம் எது வழியாகவும் போகலாம், இடையில் ஆண் பெண் மாறிமாறியும் வரலாம். தத்து எடுக்கப்பட்ட பெண் தன் பெற்ற வழியில்தான் சேர முடியும். மணமகளாகப் போன தமிழ்ப் பெண்ணுக்குக் கணவனின் மூதாதை மூலம் உறுப்பினர் தகுதி கிடையாது, ஆனால் அவள் மகளுக்கு உண்டு.

மூதாதையின் உதவி 1775 ஏப்ரல் 19-க்கும் 1783 நவம்பர் 26-க்கும் இடையில் நடந்திருக்க வேண்டும். முன்னது போர் தொடங்கிய லெக்சிங்டன் சண்டை நாள். பின்னது பிரிட்டிஷ் படை நியூயார்க்கை விட்டுப் போனதை ஒட்டியது. இந்தக் காலத்துக்குள் போரின் நிழல் நம் கரை வரை நீண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் அமெரிக்காவின் பக்கம் சேர்ந்ததும் 1778-இல் பிரிட்டிஷார் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1783 ஜூனில் கடலூரில் இரு தரப்பும் நிலத்திலும் கடலிலும் மோதிக்கொண்டிருந்தபோதுதான் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது.

எப்படிப்பட்ட உதவி கணக்கில் வரும் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். “எங்கள் குடும்பத்தில் யாரும் துப்பாக்கி ஏந்தவில்லை” என்று சொல்லிப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கி ஏந்தியவர்களைத் தாண்டிப் பட்டியல் மிக நீளம். புரட்சியின் பக்கம் விசுவாசப் பிரமாணம் எடுத்தவர், ஊர்ப் பாதுகாப்புக் குழுவில் இருந்தவர், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், தாதி, புரட்சிக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்த பாதிரியார், படைக்கு மாட்டிறைச்சியும் சோளமும் வண்டியும் கொடுத்த விவசாயி, எல்லோரும் அதில் உண்டு. வர்ஜீனியாவில் படைக்குப் பொருள் கொடுத்தவர்கள் பிறகு அரசிடம் பணம் கேட்டுப் பதிவு செய்த கோரிக்கைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எத்தனை பவுண்டு மாட்டிறைச்சி, எத்தனை புஷல் சோளம், வண்டி எத்தனை நாள் என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி இன்று ஒரு பெண்ணைச் சங்கத்துக்குள் கொண்டுவரப் போதும்.

பெண்களும் மூதாதைப் பட்டியலில் உண்டு. ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற ஆண் பெயரில் படையில் சேர்ந்து போரிட்ட டெபோரா சாம்ப்சன் புகழ்பெற்றவர். அவரும் கணவரும் இறந்த பிறகு, வாரிசுகளுக்கு உதவித்தொகை தர 1838-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

படி 2: முதலில் கிளையைத் தொடர்புகொள்ளுங்கள்

பலர் எல்லாக் காகிதத்தையும் சேர்த்த பிறகுதான் கிளையைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். டி.ஏ.ஆர். தளத்தில் சேர விருப்பம் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது, அதை நிரப்பினால் அருகிலுள்ள கிளை கூப்பிடும். கிளைத் தலைவிக்கு ‘ரீஜென்ட்’ என்று பெயர். நமக்கு முக்கியமானவர் ‘ரெஜிஸ்ட்ரார்’. கொடிவழிக் காகிதங்களைப் பார்ப்பது அவர் வேலை, பெரும்பாலும் இதில் ஊறிப்போனவராக இருப்பார். நாம் மாதக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடத்தை அவர் ஒரே மாலையில் திறந்துவிடுவார்.

படி 3: நெருங்கிய மூன்று தலைமுறை

விண்ணப்பிப்பவர், அவர் பெற்றோர், தாத்தா பாட்டி. இந்த மூன்று தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்கள் தேவை. மாநில அல்லது கவுன்ட்டி (மாவட்ட) அலுவலகத்தில் நகல் கிடைக்கும்.

தமிழ் அப்பா உள்ள வீடுகளில் சிக்கல் பெயரில் வரும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், திருமணச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும், மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். தமிழ்ப் பெயரிடும் வழக்கம் ரெஜிஸ்ட்ராருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டும் ஆவணத்தை இணைத்துக் கொடுங்கள். முன்கூட்டியே கொடுத்தால் கேள்வியே வராது.

படி 4: ஏற்கெனவே யாராவது நிரூபித்திருக்கிறார்களா

டி.ஏ.ஆரின் வம்சாவளித் தேடல் தளம் இலவசம், உறுப்பினர் அல்லாதவர்களும் பார்க்கலாம். நிரூபிக்கப்பட்ட ஒவ்வொரு மூதாதைக்கும் ஒரு எண் உண்டு. அவர் பெயர், மனைவி பெயர், எந்த மாநிலம், என்ன உதவி, அவருடைய எந்தப் பிள்ளை வழியாக யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். உங்கள் கொள்ளுப்பாட்டியின் தங்கை 1920-களில் சேர்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பழைய விண்ணப்பத்தின் நகலைக் கட்டணம் செலுத்தி வாங்கலாம்.

ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய விண்ணப்பங்களில் ஆதாரம் இல்லாமல் ‘குடும்பத்தார் சொன்னது’ என்றே பல வரிகள் இருக்கும். இன்றைய அளவுகோலில் அவை நிற்காது. சில மூதாதைகளின் பக்கத்தில், இனி விண்ணப்பிப்பவர்கள் சேவையைப் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்ற குறிப்பே இருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

படி 5: நடுவில் உள்ள இருட்டு

இந்த வேலையின் உயிர் இங்கேதான். 1850-க்குப் பிந்தைய காலம் ஒப்பீட்டளவில் எளிது. அந்த ஆண்டு சென்சஸில்தான் வீட்டிலுள்ள சுதந்திர மக்கள் எல்லோரின் பெயரும் முதன்முதலாக எழுதப்பட்டது. 1880-இல் குடும்பத் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பதும் சேர்ந்தது. 1890 சென்சஸை நம்ப வேண்டாம். 1921 தீ விபத்தால் அதில் மிகப் பெரும்பகுதி போய்விட்டது. அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானோரின் பெயர் 1870-இல்தான் சென்சஸில் முதன்முதலாக வருகிறது. அவர்களுக்கு ஆவணம் தேடுவது இன்னும் கடினம். இதை அறிந்த ரெஜிஸ்ட்ராராகப் பார்த்துக் கேளுங்கள்.

1783-க்கும் 1850-க்கும் இடையில் உள்ளதுதான் இருட்டு. அப்போதைய சென்சஸில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. இங்கே உயில், சொத்துப் பத்திரம், தேவாலயப் பதிவு, வரிப் பட்டியல் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். “என் மகள் மேரிக்கும் அவள் கணவன் ஜான் ஸ்மித்துக்கும்” என்று ஒரு உயிலில் வந்துவிட்டால் அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது அந்தக் காலத்தில் சகஜம். பெயர் பொருந்துகிறது என்பதற்காக ஒருவரை மூதாதையாக்கிவிடக் கூடாது. மனைவியின் பெயர், நிலத்தின் எல்லை, அண்டை வீட்டார், இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

போர் அலுவலகத்தின் பழைய காகிதங்கள் 1800 தீயில் எரிந்துவிட்டதால், ஓய்வூதியக் கோப்புகள்தான் பெரிய புதையல். தேசிய ஆவணக் காப்பகத்தில் சுமார் 80,000 கோப்புகள் இருக்கின்றன. 1818 சட்டம் வறுமையில் இருந்த வீரர்களுக்கு. 1832 சட்டம் ஆறு மாதமாவது பணி செய்தவர்களுக்கெல்லாம். எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் கவுன்ட்டி நீதிமன்றத்தில் வந்து நின்று, எந்தக் கேப்டனின் கீழ் இருந்தோம், எங்கே நடந்தோம், எந்தச் சண்டையில் இருந்தோம் என்று சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டார். வறுமையை நிரூபிக்க வேண்டியிருந்தவர்களின் கோப்பில் சொத்துப் பட்டியலும் இருக்கும்: ஒரு பசு, ஒரு இரும்புச் சட்டி, சில நாற்காலிகள்.

விதவைகளுக்கான சட்டம் 1836-இல் வந்தபோது, திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. பல பெண்களிடம் இருந்த ஒரே ஆதாரம் வீட்டு பைபிளில் கையால் எழுதிய பிறப்பு, திருமணப் பக்கம். அதைக் கிழித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் கோப்புகளுக்குள் மடிந்து கிடக்கின்றன. ஓரம் பிசிறுதட்டிய தாளில், மங்கிய மையில், ஒவ்வொரு பிள்ளை பிறந்த தேதியும் வெவ்வேறு கையெழுத்தில் இருக்கும். ஒரு தாய் தன் குடும்பத்தின் ஒரே பதிவைப் பிய்த்து அரசாங்கத்துக்கு அனுப்பியிருக்கிறாள். கணினித் திரையில் அதைப் பார்த்த அன்று எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. கோப்புகளை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

படி 6: விண்ணப்பம்

ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயர், தேதி, இடம், அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதிக் கிளையிடம் கொடுக்க வேண்டும். ஆதாரத்தில் தொடர்புடைய பெயருக்குக் கீழே கோடு போட்டு, எந்தத் தலைமுறை என்று எண் எழுதி வையுங்கள். ரெஜிஸ்ட்ரார் சரிபார்த்து வாஷிங்டனுக்கு அனுப்புவார். அங்கே வம்சாவளி வல்லுநர்கள் வரிவரியாகப் பார்ப்பார்கள். குறை இருந்தால் கடிதம் வரும், அது நிராகரிப்பு என்று எண்ணி மனம் விட வேண்டாம். ஒப்புதல் ஆனதும் தேசிய உறுப்பினர் எண் கிடைக்கும். தேசிய, மாநில, கிளைச் சந்தாக்கள் தனித்தனி. தொகையைக் கிளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

படி 7: இனிதான் வேலை

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு உட்காருபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மூதாதை படைக்குச் சோளம் கொடுத்தவர் என்பதால் நாம் சேர்ந்தோம் என்றால், நாமும் யாருக்காவது ஏதாவது கொடுத்தாக வேண்டும். 1780-இல் பிலடெல்ஃபியாவில் எஸ்தர் ரீட் தலைமையில் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் படைவீரர்களுக்குப் பணம் திரட்டினார்கள். அந்தக் காலக் காகிதப் பணத்தில் 3,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் கேட்டபடி அதைத் துணியாக்கி 2,000-க்கும் மேற்பட்ட சட்டைகள் தைத்தார்கள். சட்டை ஒவ்வொன்றிலும் தைத்தவளின் பெயர். ரீட் அந்த ஆண்டே இறந்துபோக, பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகள் சாரா பாச் வேலையை முடித்துவைத்தார். டி.ஏ.ஆரும் 1898-இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் ராணுவத்துக்குத் தாதிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. 1921 முதல் புதிதாக வந்தவர்களுக்குக் குடியுரிமைக் கையேடு அச்சிட்டுப் பல மொழிகளில் கொடுத்தது.

கிளையில் சேர்ந்ததும் ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழர்களுக்குப் பொருத்தமானது குடியுரிமை விழா. அங்கே நிற்பவள் தன் அப்பாவோ மாமனாரோ அதே மாதிரி அறையில் கையுயர்த்தி நின்றதை அறிந்தவளாக இருந்தால், அவள் சொல்லும் வாழ்த்தே வேறு. செப்டம்பர் 17 முதல் 23 வரை அரசியலமைப்பு வாரம். டி.ஏ.ஆர். கேட்டுக்கொண்டதால் 1956-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்டுச் சட்டமானது. அதற்கு மேயரிடம் பிரகடனம் வாங்குவது, நூலகத்தில் காட்சி வைப்பது எல்லாம் கோடையிலேயே தொடங்க வேண்டிய வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுக் கட்டுரைப் போட்டி உண்டு, நடுவர் பணிக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைக்குப் போவதும் உண்டு.

கல்லறை பராமரிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு போய்க் கெடுத்துவிடுவது இங்கேதான். முதலில் இடத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி. பிறகு கல்லைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ, விரல் பட்டாலே பொடி உதிர்ந்தாலோ தொடாமல் வந்துவிடுங்கள். நல்ல கல்லாக இருந்தால் தண்ணீரில் நன்றாக நனைத்து, மென்மையான நைலான் தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வழிந்து கோடுகோடாகக் கறை படியும். பாசி விடாவிட்டால் கல்லறைக் கற்களுக்கென்றே விற்கும் டி-2 என்ற கரைசல். பிளீச், கம்பித் தூரிகை, அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் மூன்றும் கூடவே கூடாது. எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ ஷேவிங் கிரீமோ தடவும் பழக்கமும் வேண்டாம். கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்பிக் காட்டினால் எழுத்து தானாகத் தெரியும். உறைபனிக் காலத்தில் இந்த வேலை வேண்டாம். கல்லுக்குள் போன நீர் உறைந்து அதைப் பிளந்துவிடும்.

அக்டோபர் 11, சங்கம் பிறந்த நாள், டி.ஏ.ஆரின் தேசியச் சேவை நாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கிளையோடு பழக நல்ல வாய்ப்பு. உணவு வங்கியில் மூட்டை கட்டுவதிலிருந்து பூங்காவைச் சுத்தம் செய்வது வரை கிளைக்குத் தக்கபடி இருக்கும். உறுப்பினரல்லாத குடும்பத்தாரையும் கூட்டிப் போகலாமா என்று ரீஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியார், நாத்தனார், அப்பா எல்லோருக்கும் அங்கே கைவேலை கிடைக்கும்.

பிள்ளைகளுக்கும் அடுத்த மூதாதைக்கும்

பதினெட்டு ஆகாத மகளும், மகனும்கூட, 1895-இல் தொடங்கிய ‘அமெரிக்கப் புரட்சியின் குழந்தைகள்’ சங்கத்தில் சேரலாம். இருபத்திரண்டு வயது வரை அதில் இருக்கலாம். மகன்களுக்கு அதன்பின் ‘மகன்கள்’ சங்கம். அம்மாவின் விண்ணப்பக் காகிதங்களே அவர்களுக்கும் ஆதாரம் என்பதால் எல்லா நகல்களையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் தலைமுறை எண்ணோடு சேமித்து வையுங்கள்.

ஒரு மூதாதையோடு நின்றுவிட வேண்டியதுமில்லை. உங்கள் வம்சத்தின் வேறு வழிகளில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குத் துணை விண்ணப்பம் போடலாம். பெண் மூதாதையை, அதிலும் இதுவரை யாரும் எண் வாங்காத ஒருவரைத் தேடிப் பாருங்கள். கணவரின் ஓய்வூதியக் கோப்பிலோ, படைக்குப் பொருள் கொடுத்த விதவைகளின் கோரிக்கைப் பதிவிலோ அவள் பெயர் இருக்கும்.